பெயரும் நாணயமும்

சைக்கிளின் முன்புறத்தில், கைப்பிடி வந்து சேரும் குழாயின்மேல் சிறிய உலோகத் தகடு ஒன்று பதிந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது உள்ளங்கை அகலங்கூட இராது. அதைக் கழற்றி எறிந்துவிட்டாலும் வண்டி முன்போலவே ஓடும். ஆயினும், சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான். "எந்த மார்க்கு?" என்பதே கடைத்தெருவின் முதற்கேள்வி. இன்று அதனையே பிராண்டு என்று வழங்குகிறோம். ஓடுவதற்குச் சிறிதும் உதவாத அந்தத் தகட்டுக்கு இவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது? தொழில் முனைவோர் அந்த மதிப்பை எப்படித் தேடினார்கள்? சிலர் அதை எப்படி இழந்தார்கள்? இவற்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் மணிக்கணக்கில் வாடகைக்கு சைக்கிள் விடும் கடை ஒன்று இருந்தது. இருக்கையில் உட்கார்ந்தால் கால் எட்டாத பையன்கள் குரங்குப் பெடல் போட்டு ஓட்டிப் பழகியதெல்லாம் அந்தக் கடை வண்டிகளில்தான். வண்டி திரும்பி வந்ததும் கடைக்காரர் அதைத் தலைகீழாக நிறுத்துவார். சக்கரத்தை ஒரு முறை சுழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். புதிய வண்டி வாங்கும்போது மார்க்கை விசாரித்த அதே மனிதர், வாங்கிய பின் சக்கரத்தை விசாரித்தார். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் அடுத்த வண்டியும் அதே மார்க்கில் வாங்குவார். பதில் மாறினால் அந்த மார்க்கு அவர் கடைப்படி ஏறாது. தகட்டின் மதிப்புப் பற்றிய தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சைக்கிள் வாங்குபவன் அதன் உட்புறத்தைப் பார்க்க முடியாது. குழாயின் எஃகு எப்படிப்பட்டது, பற்றவைப்பு உறுதியானதா, அச்சுக்குள் கிடக்கும் பால்ரஸ் குண்டுகள் ஒரே அளவினவா என்பவை வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன. ஓராண்டு ஓட்டிய பிறகே உண்மை தெரியும். ஆனால் பணத்தை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதுதான் பெயர். 'நாளைக்கு நேர்வதற்கு இன்றைக்கே நான் பொறுப்பு' என்று செய்தவன் எழுதிக் கொடுக்கும் உறுதிச்சீட்டு அது. தமிழில் இதற்கு 'நாணயம்' என்ற அழகான சொல் இருக்கிறது. கையில் புழங்கும் காசுக்கும் அதுவே பெயர். சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் அதுவே பெயர்.

நமக்குப் பழக்கமான பெயர்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஹெர்குலிஸ் என்பது கிரேக்கக் கதையில் வரும் பெரும்பலசாலியின் பெயர். இங்கிலாந்திலுள்ள பிர்மிங்காம் நகரில் 1910 ஆம் ஆண்டில் தங்கள் சைக்கிளுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள் கிரேன் சகோதரர்கள். பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தோ அதே நகரில் துப்பாக்கி செய்துவந்த கம்பெனியினுடையது. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய வடிவமே அதன் பழைய சின்னம். 1949 ஆம் ஆண்டில் முருகப்பா குடும்பத்தார், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் ஒரு சைக்கிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் தொழிற்சாலை எழுந்தது. கிரேக்க வீரனின் பெயரும் பிர்மிங்காம் துப்பாக்கிக்காரரின் எழுத்தும் நம்முடைய மண்ணில், நம்முடைய தொழிலாளர் கையால் செய்த வண்டிகளில் ஏறின. பால்காரரும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் அவற்றை ஓட்டினார்கள். பெயர் கடல் கடந்து வந்ததாயினும், அதைக் காப்பாற்றும் பொறுப்பு இங்கே இருந்தவர்கள் தலையில் விழுந்தது. பெயர் ஓரிடத்திலும் வேலை வேறோரிடத்திலும் இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் கதை முழுவதும் அதைப் பற்றியதே.

அந்தக் கதையில் இரண்டு கம்பெனிகள் வருகின்றன. ஒன்று அமெரிக்காவிலுள்ள ஷ்வின். மற்றொன்று தைவான் தீவிலுள்ள ஜெயண்ட்.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய இக்னாஸ் ஷ்வின் என்பவர் 1895 ஆம் ஆண்டில் அடால்ஃப் அர்னால்டு என்பவரோடு சேர்ந்து சிகாகோ நகரில் கம்பெனியைத் தொடங்கினார். பெரிய அங்காடிகள் சைக்கிள்களை மொத்தமாகச் செய்வித்து, தம் சொந்தப் பெயரைப் பொறித்து விற்பது அந்நாட்டில் வழக்கமாக இருந்தது. செய்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. அங்காடிகளின் கவலையெல்லாம் விலையைக் குறைப்பதில்தான். இக்னாஸின் மகன் ஃபிராங்க் ஷ்வினுக்கு இது பிடிக்கவில்லை. பொருளாதாரம் படுத்துக்கிடந்த 1933 ஆம் ஆண்டில், மற்றவர்கள் இன்னும் மலிவாகச் செய்ய வழி தேடிய வேளையில், அவர் அகலமான காற்றுநிறை டயர் பூட்டிய வலுவான வண்டியைக் கொண்டுவந்தார். கரடுமுரடான பாதையிலும் அது குலுங்காமல் ஓடிற்று. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கச் சைக்கிள் தொழில் முழுவதும் அவ்வகை டயருக்கு மாறியது. பிறகு அவர் தம் வண்டிகளில் தம் பெயரையே பொறிக்க வேண்டும் என்றும், வண்டியைப் பழுது பார்க்கத் தெரிந்த தேர்ந்த கடைக்காரர்களே அதை விற்க வேண்டும் என்றும் பிடிவாதமாக நின்றார். ஆயுட்கால உத்தரவாதமும் கொடுத்தார். ஷ்வின் என்ற பெயர் அமெரிக்கச் சிறுவர் உள்ளத்தில் குடிபுகுந்தது. ஒரு தலைமுறைக் காலம் அந்நாட்டில் அதை மிஞ்சிய சைக்கிள் பெயர் இல்லை.

இப்போது தைவானுக்கு வருவோம். கிங் லியு என்பவர் 1934 ஆம் ஆண்டில் அங்கே பிறந்தவர். பல தொழில்களில் கைவைத்துப் பார்த்த மனிதர். கடைசியாக விலாங்கு மீன் பண்ணை ஒன்று நடத்தினார். கடும்புயல் வந்து அந்தப் பண்ணையை அழித்துவிட்டது. கையில் இருந்ததும் போன நிலையில், 1972 ஆம் ஆண்டில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து தாஜியா என்னும் சிற்றூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கினார். சிறுவர்களின் பேஸ்பால் உலகப் போட்டியில் 1971 ஆம் ஆண்டில் வென்ற தைவான் அணியின் பெயர் 'ஜெயண்ட்ஸ்', அதாவது பூதாகரர்கள். தீவு முழுவதும் அந்தப் பெயரைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். லியு அந்தப் பெயரையே தம் சிறிய தொழிற்சாலைக்கு வைத்தார். கம்பெனி சிறிது, பெயரோ பெரிது.

பெயர் வைப்பது எளிது. டயரை மாட்டுவது எளிதாக இருக்கவில்லை. ஒருவர் செய்த டயர் மற்றொருவர் செய்த ரிம்மில் பொருந்தவில்லை. ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அளவில் உறுப்புகளைச் செய்துகொண்டிருந்தது. தைவான் சைக்கிள் என்றால் மலிவு, மட்டம் என்று வெளிநாடுகளில் பேச்சு. லியு என்ன செய்தார் தெரியுமா? விளம்பரம் செய்யவில்லை. ஜப்பானியத் தொழில் அளவைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, உறுப்புகள் செய்பவர்களிடம் போய், எல்லோரும் ஒரே அளவைப் பின்பற்றுவோம் என்று வேண்டினார். உங்கள் மரை ஒரு மயிரிழை பிசகினால் என் வண்டி ஆடும். என் வண்டி ஆடினால் இந்தத் தீவின் பெயர் ஆடும் என்பதே அந்த வேண்டுகோளின் கருத்து. தன் பெயரை உயர்த்த விரும்பியவர் அண்டை வீட்டுக்காரரின் வேலையையும் உயர்த்த வேண்டியிருந்தது. இந்த நிகழ்ச்சியை நீங்கள் மறக்கக்கூடாது. ஒரு சைக்கிளில் நூற்றுக்கணக்கான உறுப்புகள் உண்டு. அவை அனைத்தையும் ஒரே தொழிற்சாலை செய்வதில்லை. தகட்டிலுள்ள ஒரு பெயருக்குப் பின்னால் பெயர் தெரியாத பல கைகள் நிற்கின்றன.

முதலில் ஜெயண்ட் தன் பெயரை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பிறர் சொற்படி செய்து, பிறர் பெயரைப் பொறித்து அனுப்பும் கூலித் தொழிலே அதன் பிழைப்பு. லியுவுக்கு வலக்கையாக வந்து சேர்ந்த டோனி லோ என்பவர் 1977 ஆம் ஆண்டில் ஷ்வின் கம்பெனியின் வேலையைப் பெற்றுவந்தார். 1980 ஆம் ஆண்டில் சிகாகோத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. வண்டிக்குத் தவித்த ஷ்வினுக்குத் தாஜியாவிலிருந்து வண்டிகள் கப்பலேறிப் போயின. நாளடைவில் சிகாகோத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஷ்வின் விற்ற வண்டிகளில் மிகப் பெரும் பகுதியைச் செய்தது ஜெயண்ட். செய்யும் முறைகளைக் கற்றுக்கொடுக்க ஷ்வினின் பொறியாளர்கள் தைவானுக்குப் போனார்கள். மாணவன் நன்றாகக் கற்றான். ஆசிரியரோ தம் கைத்தொழிலைச் சிறிது சிறிதாக மறந்தார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பெயரும் உழைப்பும் பிரிந்தால் இருவருக்கும் ஆபத்து. பெயரை மட்டும் வைத்திருப்பவன், செய்பவன் கைவிட்டால் வெறுந்தகட்டோடு நிற்பான். உழைப்பை மட்டும் வைத்திருப்பவன், வாங்குபவன் கைவிட்டால் நிறைந்த கிடங்கோடு நிற்பான். எண்பதுகளின் நடுவில் இந்த இரண்டாவது ஆபத்தே ஜெயண்டின் வாசலுக்கு வந்தது. சீனத்திலுள்ள வேறொரு கம்பெனியில் இன்னும் மலிவாகச் செய்துகொள்ள ஷ்வின் ஏற்பாடு செய்யத் தொடங்கியது. தன் வேலையின் பெரும் பங்கு போய்விடும் என்ற நிலை ஜெயண்டுக்கு. கூலியைக் குறைத்துக்கொண்டு கெஞ்சுவது ஒரு வழி. சொந்தப் பெயரோடு வெளிச்சந்தையில் இறங்குவது மற்றொரு வழி. அவர்கள் இரண்டாவது வழியில் நடந்தார்கள்.

1981 ஆம் ஆண்டிலேயே தைவானுக்குள் ஜெயண்ட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். 1986 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் கிளை திறந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் கால் வைத்தார்கள். நெதர்லாந்தை எண்ணிப் பாருங்கள்! பிறந்த குழந்தை நடப்பதற்குள் சைக்கிள் ஏறும் என்று சொல்லத்தக்க நாடு அது. அங்கே போய் சைக்கிள் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனால் அங்கே விலைபோனால் எங்கும் விலைபோகும்.

வெறும் துணிவு போதாது. கையில் சரக்கு வேண்டும். தைவான் அரசின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துடன் சேர்ந்து கார்பன் இழையால் சைக்கிள் சட்டம் செய்யும் முறையை அவர்கள் வளர்த்தார்கள். எஃகைவிட எடை குறைந்த அந்தச் சட்டம் பெரும்பணக்காரப் பந்தயக்காரர்களின் ஆசைப்பொருளாக இருந்தது. 1987 ஆம் ஆண்டில் அதைத் தொழிற்சாலை முறையில், அதிக எண்ணிக்கையில் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் தொண்ணூறுகளில் மைக் பரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் அவர்களுக்காகப் பந்தய சைக்கிளின் மேற்குழாயைப் பின்புறம் சாய்வாக அமைத்தார். இதனால் சட்டம் சிறிதாயிற்று, எடையும் குறைந்தது. இன்னொரு நன்மையும் விளைந்தது. முன்பு ஆளுக்கேற்றபடி ஏறக்குறையப் பத்து அளவுகளில் வண்டி வேண்டியிருந்தது. இப்போது இருக்கைக் கம்பியையும் கைப்பிடித் தண்டையும் மாற்றி, சிறிது, நடு, பெரிது என்ற சில அளவுகளிலேயே பெரும்பாலோருக்குப் பொருத்த முடிந்தது. கடைக்காரர் கிடங்கில் முடங்கும் பணம் குறைந்தது. நல்ல வடிவமைப்பு என்பது ஓட்டுபவனுக்கு மட்டுமன்று, செய்பவனுக்கும் விற்பவனுக்கும் சேர்த்தே சுமையைக் குறைப்பது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஷ்வின் என்ன ஆயிற்று? அதன் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. எழுபதுகளில் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் மலைச்சரிவுகளில் சைக்கிள் ஓட்டி விளையாடத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் தேடிப் பிடித்தவை முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஷ்வின் செய்த பழைய வண்டிகள். ஃபிராங்க் ஷ்வின் காலத்து வேலை அவ்வளவு உறுதி! அந்த விளையாட்டிலிருந்து மலைச்சைக்கிள் என்னும் புதிய வகையே பிறந்தது. உலகச் சந்தையையே அது மாற்றியது. ஆனால் ஷ்வின் கம்பெனி அதைப் பெரிதாக மதிக்கவில்லை. தன் பழைய வண்டியிலிருந்து முளைத்த செடியைத் தானே அடையாளம் காணவில்லை. 1992 ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனி கடன்தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தை நாடியது. குடும்பத்தின் கையிலிருந்து பெயர் நழுவிற்று. பிறகு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டே போயிற்று.

பெயர் பெறும் வழி ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். ஜப்பானில் சகாய் என்னும் ஊர் கத்திகளுக்கும் பழைய துப்பாக்கிகளுக்கும் பேர்போனது. இரும்போடு பழகிய அந்த ஊரில் 1921 ஆம் ஆண்டில் ஷோசபுரோ ஷிமானோ என்பவர் சிறு பட்டறை வைத்தார். அவர் முழு சைக்கிள் செய்ய முனையவில்லை. சைக்கிளின் உறுப்புகளிலேயே செய்வதற்குக் கடினமானது எது என்று பார்த்தார். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானே உருள இடங்கொடுக்கும் பிரீவீலைத் தேர்ந்தெடுத்தார். எளிதான வேலையை எல்லோரும் செய்வார்கள். கடினமான வேலையைச் செம்மையாகச் செய்பவனைத் தேடி எல்லோரும் வருவார்கள். அவர் வழிவந்தவர்கள் 1984 ஆம் ஆண்டில், கியர் மாற்றும்போது ஒவ்வொரு படியிலும் 'டக்' என்று தானே பொருந்தி நிற்கும் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். அதுவரை கைப்பழக்கத்தால் உணர்ந்து செய்யவேண்டியிருந்த வேலை எவர்க்கும் எளிதாயிற்று. இன்று உலகில் எத்தனையோ பெயர்களில் சைக்கிள்கள் விற்கின்றன. அவற்றில் பலவற்றின் கியரைக் குனிந்து பார்த்தால் ஷிமானோ என்ற ஒரே பெயரைக் காணலாம்.

நம் நாட்டில் லூதியானாவின் முஞ்சால் சகோதரர்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். இன்றைய பாகிஸ்தானிலுள்ள கமாலியா என்ற ஊரிலிருந்து வந்த அவர்கள் முதலில் சைக்கிள் உறுப்புகளை வாங்கி விற்றவர்கள். தேசப் பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் புறப்பட்ட இஸ்லாமிய நண்பர் ஒருவரிடம், அவர் வைத்திருந்த 'ஹீரோ' என்ற பெயரைக் கேட்டுப் பெற்றதாக அக்குடும்பத்தார் சொல்வார்கள். 1956 ஆம் ஆண்டில் முழு சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். அவ்வாண்டில் அவர்கள் செய்தவை 639 வண்டிகள். தொழிற்சாலையைச் சுற்றிச் சிறு பட்டறைக்காரர்களை வளர்த்தார்கள். அன்றாடம் வேண்டிய உறுப்புகள் அன்றாடம் வந்தன. ஆதலால் கிடங்கில் பணம் தேங்கவில்லை. விற்பனையாளரை உறவினராக நடத்தினார்கள். முப்பது ஆண்டுகளில், 1986 ஆம் ஆண்டில், உலகிலேயே மிகுதியாகச் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் ஹீரோவின் பெயர் ஏறிற்று. பிரிவினையில் வீடுகளும் நிலங்களும் பறிபோயின. நண்பர் கொடுத்த ஒரு பெயர் மட்டும் இப்படித் தழைத்தது.

மீண்டும் லியுவிடம் வருகிறேன். 2007 ஆம் ஆண்டில், தம் 73 ஆவது வயதில், அவர் சைக்கிளில் ஏறித் தைவான் தீவை 15 நாளில் சுற்றிவந்தார். தொலைவு 900 கிலோமீட்டருக்கு மேல். சைக்கிள் செய்பவர் சைக்கிளை ஓட்டிக் காட்டினார். அதன்பின் தீவைச் சுற்றிவருவது அங்குள்ள மக்களுக்கு ஒரு விரதம்போல் ஆகிவிட்டது. அந்தக் கம்பெனியில் நெடுங்காலம் கணக்குவழக்கைக் கவனித்துவந்த போனி டூ என்ற அம்மையார், பெண்களின் உடலமைப்புக்கு ஏற்ற நல்ல சைக்கிள் கிடைப்பதில்லை என்று கண்டார். ஆண்களுக்கான வண்டியைச் சிறிதாக்கி, வண்ணத்தை மாற்றினால் போதும் என்று பிறர் எண்ணியிருந்தார்கள். அவரோ 2008 ஆம் ஆண்டில் பெண்களுக்கென்றே லிவ் என்னும் பெயரைத் தொடங்கினார். பின்னர் அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறுப்பும் அவரைத் தேடிவந்தது. கேட்டுக்கொண்டிருக்கும் மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். தமக்கு ஏற்பட்ட குறையைக் குறையாகவே விட்டுவிடாமல், அதையே தொழிலுக்கு வித்தாக்கியவர் அவர்.

இந்த இடத்தோடு பேச்சை முடித்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் முழு உண்மையாக இராது. 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை, ஜெயண்ட் கம்பெனி தைவானில் செய்த சைக்கிள்களை நாட்டுக்குள் விடாமல் நிறுத்தி ஆணையிட்டது. வெளிநாடுகளிலிருந்து வந்து வேலை செய்யும் தொழிலாளர்கள் வேலை பெறுவதற்காகப் பெருங்கடன் பட்டுச் சிக்கியிருப்பதும், அவர்கள் நடத்தப்பட்ட விதமும் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் என்று அத்துறை கூறியது. கம்பெனி தன் தரப்பை எடுத்துரைத்தது; தொழிலாளரிடம் அத்தகைய கட்டணம் வாங்காத ஏற்பாட்டை முன்னரே செய்திருப்பதாகவும் சொன்னது. வழக்கின் நியாயங்களை ஆராய்வது என் வேலையன்று. ஆனால் ஒன்று தெளிவு. அரை நூற்றாண்டுக் காலம் குழாயையும் மரையையும் பார்த்துப் பார்த்துச் செய்து வளர்த்த பெயரை, அந்தக் குழாயைப் பற்றவைத்த மனிதனின் கடன் ஒரே நாளில் கேள்விக்குள்ளாக்கிவிட்டது. வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்திருப்பது எஃகு மட்டுமன்று. உழைத்தவன் வாழ்க்கையும் அங்கேதான் இருக்கிறது. வாங்குபவன் இப்போது அதையும் கேட்கத் தொடங்கியிருக்கிறான். கேட்பது நியாயமே.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளைக்குத் தொழில் தொடங்குவீர்கள். பெரும்பாலோர் பிறர் தொடங்கிய தொழிலில் வேலை செய்வீர்கள். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றே. பெயரைத் தேடிக்கொண்டு முதலில் ஓடாதீர்கள். கடினமான ஒரு வேலையைத் தேர்ந்து, அதைச் செம்மையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அப்படிக் கற்ற வேலையைப் பிறர் கையில் முழுவதும் ஒப்படைத்துவிட்டுத் தகட்டை மட்டும் மெருகேற்றிக்கொண்டிராதீர்கள். உங்களோடு உழைப்பவர்களின் அளவும் உங்கள் அளவும் பொருந்தும்படி பாருங்கள். உறுப்புகளில் மட்டுமன்று, கூலியிலும் மதிப்பிலும் பொருந்தும்படி பாருங்கள்.

எங்கள் தெருக் கடைக்காரர் இன்று இல்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அவர் காது கொடுத்துக் கேட்கும் காட்சி மட்டும் என் கண்முன் நிற்கிறது. அந்தக் காதுக்குத் தப்பி எந்தப் பெயரும் நெடுநாள் வாழ்ந்ததில்லை.